அசையாத இடம்

சிவப்பு விளக்கு நிற்கவே இல்லை.

ஹெலியைச் சிமெந்துத் தரையில் வைத்து, கையை எடுத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்த்தேன். சிமிட்டிக்கொண்டே இருந்தது.

திகனயில் கடை வைத்திருக்கும் ரிஸ்மியின் பொம்மை அது. பொம்மை என்றால் அவனுக்குக் கோபம் வரும். அசல் ஹெலிகொப்டர் மாதிரியே இருக்கும், ரிமோட்டில் பறக்கும். விழுந்து உடைந்த வாலைச் சரிசெய்து, புது ஜைரோ பூட்டித் தரச்சொல்லி என்னிடம் விட்டிருந்தான். கண்டியில் பதினோரு வருடமாகப் போன் திருத்துகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

மேலே பெரிய இறக்கை சுற்றும்போது உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வாலில் இருக்கும் சின்ன இறக்கை. எவ்வளவு தள்ள வேண்டும் என்று அதற்குச் சொல்வதுதான் ஜைரோ. தீப்பெட்டியில் பாதி இருக்கும்.

பற்றரியை இணைத்ததும் ஆறேழு விநாடி அதை அசைக்கக் கூடாது. அசையாமல் இருப்பது என்றால் என்ன என்று முதலில் அது தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால் பச்சை. அதுவரை சிவப்பு.

வெளியே மூன்றாவது நாளாக மழை. மண் சரியலாம் என்று, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு மேலே இருக்கும் லயத்துச் சனங்களை நேற்றே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் லயம் பட்டியலில் இல்லை. ஒக்டோபரில் மண்சரிவு ஆபீஸ்காரர்கள் வந்து, ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும் எட்டுக் காம்பரா வீட்டையும் பார்த்து, சுவரில் வெடிப்பு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்தத் தைரியத்தில்தான் எல்லாரும் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம்.

காற்று வராமல் ஜன்னலைச் சாத்தினேன். மனைவி தெரேசாவை நடக்காதே என்றேன்.

"நா நடக்கலீங்க. இந்த அலுமாரிக் கதவுதான் நேத்துலருந்து தன்னால தெறந்துக்குது" என்றாள்.

அலுமாரி பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். கதவைப் பிறகு பார்க்கலாம் என்று அவள் வாயை அடைத்தேன்.

பற்றரியை மாற்றினேன். ஜைரோவுக்கு அடியில் இருந்த பஞ்சு ஒட்டியை உரித்துப் புதிதாக ஒட்டினேன். சிவப்பு. ரிஸ்மிக்குப் போன் போட்டு, உன் ஜைரோ பழுது என்று சத்தம் போட்டேன்.

"எங்கட கடை மேசையில நல்லா பச்சை வந்திச்சே அண்ணே. கையை எடுத்துட்டீங்களா? அப்ப அசையாத எடமாப் பாத்து வைங்க" என்றான்.

எனக்கே பாடம் எடுக்கிறான்.

சரி, தரையில்தான் ஏதோ கோளாறு என்று குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். எங்களுடையது ஐந்தாம் இலக்கம். நான்கில் அஷ்வினி, பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுத் தரையில் வைத்தேன். சிவப்பு. மூன்றாம் இலக்கம், சிவப்பு. இரண்டிலும் ஒன்றிலும் அதேதான்.

திரும்பி வந்து, எங்கள் வீட்டைத் தாண்டி ஆறாம் இலக்கத்துக்குப் போனேன். எஸ்ரன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துப் பற்றரியை இணைத்தேன்.

விளக்கை மட்டுமே பார்த்து, ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆறு என்றபோது பச்சை வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். ஹெலியைத் தூக்கி மூக்கை இடப்பக்கம் திருப்பினேன். வாலில் இருந்த சின்னக் கம்பி உடனே எதிர்த்துத் தள்ளியது. வலப்பக்கம் திருப்பினேன், மற்றப் பக்கம் தள்ளியது. எஸ்ரன் ரொட்டியை விட்டுவிட்டுக் கைதட்டினான்.

பிறகுதான், ரிஸ்மி சொன்ன அசையாத இடம் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது.

ஒன்றிலிருந்து ஐந்துவரை சிவப்பு. ஆறில் பச்சை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர்.

வீட்டுக்கு ஓடினேன். அலுமாரியைத் தோளால் முட்டித் தள்ளினேன்.

செப்டெம்பரில் அந்தச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரல் நுழையும் அகலம். தெரேசா கொழுந்து எடுக்கப் போயிருந்த ஒரு பகலில் இரண்டு சட்டி சிமெந்து குழைத்து, கையாலேயே அப்பி அடைத்தேன். எஸ்ரனின் பக்கத்தையும் பூசி, மழை ஒழுக்கு என்று சொன்னேன். சுண்ணாம்பும் அடித்தேன். அலுமாரியை இழுத்து முன்னால் வைத்தேன். வெடிப்பு என்று எழுதிக்கொடுத்த அடுத்த மலைச் சனங்கள் ஏழு வருடமாகத் தகரக் கொட்டகையில் கிடக்கிறார்கள். நாங்களும் அப்படிக் கிடக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆபீஸ்காரர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தபோது அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்ததும் நான்தான்.

அலுமாரி நகர்ந்தது. சிமெந்து சுவரில் இல்லை. துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

வெடிப்பு வழியாக எஸ்ரனின் அடுப்பு எரிவது தெரிந்தது. ரொட்டியைத் திருப்பிப் போடும் அவன் கை முழுதாகத் தெரிந்தது.

தெரேசா குனிந்து ஒரு சிமெந்துத் துண்டை எடுத்தாள். அதில் நான்கு விரல் பதிந்திருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அஷ்வினியக் கூப்புடு. எல்லாரையும் வெளிய கூப்புடு" என்றேன்.

அவள் மழைக்குள் ஓடினாள். நான்காம் இலக்கத்துக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் தட்டினாள், உள்ளேயிருந்து இழுத்தார்கள், அஷ்வினி கத்தினாள்.

கதவு, சாய்ந்துபோன நிலைச் சட்டத்தில் இறுகிப்போயிருந்தது. திறக்கவில்லை.