மாமியார்முறிச்சான்

ஏற்காடு பஜாரில், மூலிகைப் புத்தகத்தை நகலெடுத்து மலையூர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மாணவர்களைப் பதிப்பக மேனேஜர் மடக்கினார்.

“‘மாமியார்முறிச்சான்’ங்கிற செடிப் பேரு எங்க புத்தகத்துல மட்டும்தான் இருக்கு. எங்க சொத்தைத் திருடியிருக்கீங்க. கேஸ் போட்டா படிப்பே போயிரும்!”

“அறிவுக்கு வேலி போடாதே!” மாணவி கண்ணம்மாள் எழுப்பிய கோஷத்தில் மலைக்குக் கீழே சேலம் ஜங்ஷன்வரை அதிர்ந்தது.

வேடிக்கை பார்த்த எஸ்டேட் தொழிலாளி அத்தாயி குலுங்கிச் சிரித்தாள்.

“ஏனுங்க, அது நாஞ்சொன்ன பேருங்க! உங்க எழுத்தாளரு எங்கூட்டுக்கு வந்து செடிப் பேரெல்லாம் கேட்டு எழுதுனாருங்க. மாமியாமேல இருந்த கடுப்புல அதையும் சேர்த்து உட்டேன். அப்படியொரு செடியே இல்லீங்க!”

“அப்போ திருட்டுக் கேஸு யாரு மேலங்க சார்?” என்றாள் கண்ணம்மாள்.

மேனேஜர் சேலம் பஸ்ஸைத் தேடினார்.

அடுத்த நகலின் அட்டையில் கொட்டை எழுத்து: ‘சொன்னவர் அத்தாயி. யாரும் நகலெடுக்கலாம்.’

அத்தாயி நெஞ்சை நிமிர்த்தினாள். “எங்க மாமியாளுக்கு மட்டும் குடுத்துராதீங்க, கண்ணு!”