மிச்சத் தாகம்

மண்டை திறந்திருக்கிறது. வலிக்கவில்லை.

மாடியில் யாரோ வெறுங்காலோடு நடப்பது போல இருக்கிறது. அவ்வளவுதான்.

அவன் விழித்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தலை அசையாதபடி இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தார்கள். வெள்ளை விளக்குகள் மேகம் மாதிரி மிதந்தன. அவனும் மிதந்தான்.

சூசை தூத்துக்குடியில் மீன்பிடி லாஞ்சு எஞ்சின் மெக்கானிக். இப்போதெல்லாம் ஸ்பானர் கையில் நிற்பதில்லை, அவ்வளவு நடுக்கம். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று கோயில் வாசலிலேயே குடித்து விழுந்து கிடந்தான். மாத்திரை, மறுவாழ்வு மையம், மாதா முன்னால் சத்தியம், எதுவும் பலிக்கவில்லை.

கடைசியில் இது. மூளைக்குள் ஒரு மெல்லிய கம்பி. அதில் கொஞ்சம் மின்சாரம்.

நர்ஸ் ஒரு படத்தை அவன் கண்முன் பிடித்தாள். பிராந்தி பாட்டில்.

எச்சில் ஊறியது. விரல்கள் தாமாகவே மடங்கின.

டாக்டரம்மா எதையோ திருகினார்.

பாட்டில் வெறும் பாட்டிலானது. உள்ளே பழுப்புத் தண்ணீர்.

இதற்காகவா என்று நினைத்தான். வருத்தம்கூட வரவில்லை. காற்று விழுந்த கடல் போல உள்ளே எல்லாம் அடங்கிக் கிடந்தது.

அடுத்த படம்.

பிலோமினா. திருவிழாக் கூட்டத்தில் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். அன்று தன் செருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சுடுமணலில் வீடுவரை நடந்தான். நன்றாக நினைவிருக்கிறது.

நினைவு மட்டும்தான் இருந்தது.

யார் வீட்டுச் சுவரிலோ மாட்டிய படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இது யாரு, சூசை?" டாக்டரம்மா கேட்டார்.

"எம் பொண்டாட்டி."

"பாத்தா எப்படி இருக்கு?"

அவன் கண் கதவுப் பக்கம் போனது.

வெளியே வராந்தாவில் அவள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடிக்காத புருஷன் அவளுக்குக் கிடைத்துவிடுவான்.

இப்படியே மிதந்து போய்விடலாம் போலத்தான் இருந்தது.

"கொஞ்சம் குறைங்க மேடம்."

"குறைச்சா குடிக்கிற ஆசையும் திரும்பி வரும்."

"வரட்டும்."

திருகினார்.

முதலில் பிராந்தி வாடைதான் வந்தது. நாக்கு வறண்டது. பயமாக இருந்தது. படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கிடந்தான்.

இன்னும் கொஞ்சம் திருகினார்.

உள்ளங்கால் சுட்டது.

"இங்கயே நிறுத்துங்க," என்றான். "மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."