தூக்கிவிட்ட வளைவு

மேட்டுக்காரர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். உள்ளரங்கின் இரண்டு கோடியிலும் ஓடுபாதையின் வளைவுகள் முனகிக்கொண்டே எழுந்தன.

அந்தக் கல்லூரியில் அதுதான் அவருக்கு வேலை, அதனால் வந்ததுதான் அந்தப் பெயர். பயிற்சியோ போட்டியோ, ஓட்டம் என்றால் வளைவுகளின் வெளிப்பக்கத்தை ஹைட்ராலிக்கில் உயர்த்த வேண்டும். ஆட்கள் போனதும் இறக்கித் தரையோடு தரையாக்க வேண்டும்.

சாய்ந்த வளைவில் ஓடுகிறவர்கள் வேகத்தை விட வேண்டியதில்லை. பாதையே உடம்பைத் தாங்கிக்கொள்ளும். தட்டைத் தரையில் அந்தச் சலுகை கிடையாது. வளைவு வந்தால் காலை அடக்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆளையே வெளியே தள்ளிவிடும்.

மூன்றாவது லேனில் அவர் பெற்ற பெண் நின்றாள். உடம்பில் வேறொரு கல்லூரியின் சாயம் போன பனியன். அங்கே வாலிபால் கூடத்தில் டேப் ஒட்டி வளைவு காட்டியிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த ஓடுபாதை அது ஒன்றுதான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பிடித்தவள். இன்று முதலாவதாக வந்தால் பல்கலைக்கழக அணி, படிப்புக்கும் பங்கமில்லை. தவறினால் அடுத்த வருடம் முழுக் கட்டணம் என்று அவளுடைய கல்லூரி முதல்வர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். முழுக் கட்டணம் அந்த வீட்டில் நடக்கிற காரியமில்லை.

"உங்க பொண்ணு ஓடுதுல்ல, மேட்டை நல்லாத் தூக்கி விடுங்கண்ணே!" என்று கேலரிப் பக்கமிருந்து காவலாளி சத்தம் கொடுத்தார்.

மேட்டுக்காரர் சிரித்துவைத்தார்.

போன மாதம் அவள் கேட்டிருந்தாள். ஒரே ஒரு சாயங்காலம் வளைவைத் தூக்கிவிட்டால் போதும், கால் பழகிவிடும் என்று. சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. வெளிக் கல்லூரி ஆட்களுக்குத் தூக்கக் கூடாது என்று சட்டம் பேசினார். பெற்ற பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது? வேலைக்குப் பயந்தவனுக்குச் சட்டம் நல்ல போர்வை.

துப்பாக்கி வெடித்தது.

நேர்ப்பாதையில் அவள்தான் முன்னால். என்ன ஓட்டம்! மேட்டுக்காரர் தன்னை மறந்து எழுந்துவிட்டார்.

முதல் வளைவு. அவள் கால் தானாக அடங்கியது. மேடு தாங்கத் தயாராகத்தான் இருந்தது, அவளுக்கு அதை நம்பத் தெரியவில்லை.

ஐந்தாவது லேனில் இந்தக் கல்லூரிப் பெண் வேகத்தைக் குறைக்காமல் மேட்டில் ஏறி, உடம்பை உள்பக்கம் சாய்த்துச் சரிவில் உருளும் பந்துபோல இறங்கி வந்தாள். அந்த மேட்டில் தினமும் ஓடுகிறவள்.

எதிர் நேர்ப்பாதையில் மூன்றாவது லேன் எட்டிப் பிடித்தது. இரண்டாவது வளைவு அதையும் பிடுங்கிக்கொண்டது.

கோட்டைத் தொட்டபோது ஓர் எட்டுக்கூட வித்தியாசமில்லை. ஆனால் தோல்வி தோல்விதான்.

கேலரி கூத்தாடியது. கோச் மைக்கைப் பிடித்துத் தன் மாணவியின் உழைப்பைப் பற்றி ஓயாமல் பேசினார். மேட்டைப் பற்றி மறந்தும் ஒரு வார்த்தை இல்லை.

மேட்டுக்காரர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். வளைவுகள் இறங்கின. இப்போது எல்லாருக்கும் ஒரே தரை. யாருக்கு என்ன பிரயோஜனம்?

தோற்றவள் சுவிட்ச் பெட்டியருகே வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அவள் பின்னாலேயே ஜெயித்தவளும் ஓடிவந்தாள், கழுத்தில் பதக்கத்தோடு. "அப்பா!" என்று மேட்டுக்காரரைக் கட்டிக்கொள்ளக் கையை விரித்தவள், முன்னால் நின்ற அக்காவைப் பார்த்ததும் கையைத் தொங்கப்போட்டாள்.

ஊழியர் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் இந்தக் கல்லூரியில் இலவச இடம் உண்டு. எந்தப் பிள்ளைக்கு என்று ஆபீசில் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. பெரியவளுக்குக் கால் இருக்கிறது, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள், அவ்வளவாக ஓட வராத சின்னவளுக்கே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

"நம்ம தெருவுல என்னிக்காவது நான் உங்கிட்ட தோத்திருக்கேனாடி?"

பெரியவள் தங்கையைத்தான் கேட்டாள். கண் மட்டும் அப்பாவை விட்டு நகரவில்லை.

சின்னவள் இல்லையென்று தலையாட்டினாள்.

மேட்டுக்காரர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பெட்டியைப் பூட்டினார்.