அஞ்சலை சொன்ன பெயர்

புயல் எச்சரிக்கை இப்போதெல்லாம் அவரவர் நம்பும் குரலில்தான் வருகிறது. யாருக்கான செய்தி என்ற குழப்பம் வரக் கூடாது என்று, பெயர் சொல்லித் தொடங்கும். பார்வையில்லாத மாசிலாமணிக்கு, இறந்துபோன மனைவி அஞ்சலையின் குரலைத் தேர்ந்தெடுத்திருந்தாள் மகள் பூங்கோதை. வேறு யார் சொன்னாலும் அவர் வீட்டை விட்டு அசையமாட்டார்.

மத்தியானம் சுவரில் மாட்டியிருந்த எச்சரிக்கைப் பெட்டி பேசியது.

"மாசிலாமணி, ஆத்துத் தண்ணி தெருவுக்கு வந்துடுச்சு. கைத்தடிய எடுத்துக்கிட்டு வெளிய வாங்க."

பூங்கோதை மீட்புப் படகில் வந்துசேர்ந்தபோது தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டிருந்தது. அவர் கட்டிலின் மேல் சம்மணமிட்டு, பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா! அம்மா கொரல் கேக்கலியா?"

"கேக்குதும்மா. நான் வாசலத் தாண்டுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பா."

"அப்புறம் ஏன் கெளம்பல?"

"உங்கம்மா என் பேரச் சொல்லி ஒரு நாளாவது கேட்டிருக்கியா? ரேஷன் கடையில கேட்டாக்கூட உன்னத்தான் சொல்லச் சொல்லுவா."

"மாசிலாமணி," என்றது பெட்டி.

"ம்," என்றார் அவர்.

பூங்கோதை படகுக்காரரை உள்ளே கூப்பிட்டாள். படகுக்காரரும் அவளுமாக அவரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். குரல் பாதி வார்த்தையில் நின்றது.

முகாமில் சூடாகச் சோறு கொடுத்தார்கள். அவர் தட்டைத் தொடவேயில்லை. பரிமாற வந்தவரின் கையைப் பிடித்து, மகளுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அடுத்த புயல் எப்ப வரும்?"