வெயிலில்லாத வாசல்

கடையில் இருந்தவற்றிலேயே மட்டமானதைத்தான் பாண்டியராஜ் எடுத்தார்.

இழைக்காத வேப்பங்கால் நான்கு. மேலே சில குறுக்குச் சட்டங்கள். வார்னிஷ்கூட இல்லை. அது இப்போது கேட்டுக்கு உள்ளே, வாசலில், தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

நாகஜோதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கணவர் இதில் என்ன கண்டார் என்று அவளுக்குப் புரியவில்லை.

நேற்று பேகம்பூரில், அப்துல் கையூமின் மரப் பட்டறையில், நிழலுக்குப் போடும் மரப்பந்தல்கள் எத்தனையோ இருந்தன. கையூம் அவற்றைப் பெர்கோலா என்றார். கடைசல் கால் வைத்த தேக்கு. வெள்ளை பெயிண்ட் அடித்த கொடைக்கானல் மாடல். கொடி ஏறுவதற்குப் பக்கவாட்டில் பட்டி அடித்தது. ஒவ்வொன்றின் கீழும் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். தேக்குதான் சரி என்று பட்டது.

திங்கட்கிழமை மதுரையில் பாண்டியராஜின் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். திரும்பி வந்தால் காற்றாட உட்கார ஒரு நிழல் வேண்டும் என்று ஆரம்பித்ததே அவள்தான். பின்பக்கத் தோட்டத்தில், கொய்யாமரத்தை ஒட்டி.

அவர் வாசலில் போடவேண்டும் என்றார்.

எதிர்வீட்டு மாடி எழும்பியதிலிருந்து வாசலில் வெயிலே விழுவதில்லை. நிழலுக்கு எதுக்குண்ணே நிழல் என்று கையூம்கூடச் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் மரக்குவியலுக்குப் பின்னால் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்தபோது கையூம் சிரிக்கவில்லை. வேப்பங்கால்களை எடுத்துக் காட்டினார்.

கொஞ்ச நாளாகவே மனிதர் சரியில்லை. அதற்குக் காரணம் ஆபரேஷன் மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும். ரெட்டியார்சத்திரத்தில் அவருடைய அண்ணன் மொக்கைச்சாமி இருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் முறையில் வந்த சண்டை. பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. மதுரைக்குப் போவதற்கு முன் அண்ணனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பாண்டியராஜ் ஆள்மேல் ஆள் அனுப்பினார். போனவர்கள் அங்கே காபி குடித்துவிட்டு, அவர் வரமாட்டார் என்ற பதிலோடு திரும்பினார்கள்.

கையூம் ஏணியில் ஏறினார். பச்சைத் தென்னங்கீற்றை மேலே பரப்பத் தொடங்கினார். கொடி படரும்வரை கீற்று கிடக்கட்டும் என்று பாண்டியராஜ் அண்ணன் சொல்லியிருக்கிறார் என்றார். டெம்போவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளும் இறங்கின.

நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் பச்சைக் கீற்றும் நாற்காலியும். பார்க்கிற தெருவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த அய்யம்மாள் வாயில் கை வைத்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று நாகஜோதி இரண்டு கையையும் ஆட்டினாள். அய்யம்மாள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

நாகஜோதி உள்ளே ஓடினாள்.

"ஊரே பாக்குது. அந்தக் கருமத்தப் பிரிக்கச் சொல்லுங்க."

பாண்டியராஜ் சவரம் செய்துகொண்டிருந்தார். தேய்த்த சட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அவள் வெளியே வந்தபோது நாற்காலிகளில் ஆள் இருந்தது. தெருமுனைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார். தன் வீட்டுக்காரர் உள்ளே முகம் மழிக்கிறார் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு ஆட்டோ வந்தது.

மொக்கைச்சாமி இறங்கினார். தோளில் துண்டு. கையில் ரோஜா மாலை. அழுகை கேட்டிலேயே தொடங்கிவிட்டது. என்னய விட்டுட்டுப் போயிட்டியேடா என்று மார்பில் அடித்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தார்.

பாண்டியராஜ் தேய்த்த சட்டையோடு நிலைப்படியைத் தாண்டினார்.

"வாண்ணே."

அழுகை நின்றது. மொக்கைச்சாமி தம்பியைப் பார்த்தார். கீற்றைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருடா செத்தது?"

"யாரும் இல்லண்ணே. நெழலுக்குப் போட்டது. உக்காரு."

மொக்கைச்சாமி திரும்பினார். ஆட்டோ போய்விட்டிருந்தது.

சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது. உயிரோடு நிற்பவன் கழுத்திலும் போட முடியாது. அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டு நின்றார். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். இன்னொன்றும் சொன்னார். பிறகு மாலையை வேப்பங்காலில் மாட்டிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மொக்கைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். கடைசியில், தெருவைப் பார்த்தபடியே, மதுரையில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

பாண்டியராஜ் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே ஏணிப் பக்கம் ஒரு கையை லேசாக உயர்த்தினார்.

கையூம் அதற்காகவே காத்திருந்தார். கீற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட ஆரம்பித்தார்.

நாகஜோதி அப்போதுதான் கிட்டே போய்ப் பார்த்தாள்.

எந்த மூட்டிலும் ஆணி இல்லை. எல்லாம் கயிறு. ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற சுருக்கு.