எத்தனை பேரையும் தாங்கும்

அன்று எனக்குக் கடைசி வேலைநாள். வெளியே வண்டியில் மகள் காத்திருந்தாள். எங்கள் கம்பெனியில் நாலாயிரம் பேருடைய வேலையும் ஒரே சர்வரில் ஓடுகிறது. வாசல் கதவும் அது சொன்னால்தான் திறக்கும். வேலையை விட்டவன் பெயரை அதிலிருந்து எடுத்த பிறகே ஆளை வெளியே விடும். அந்த வாசலை முப்பது வருடம் காவல் காத்த எனக்கும் அதே சட்டம்தான். எனக்கு அந்தச் சனியன்மேல் என்றைக்கும் நம்பிக்கை கிடையாது.

சர்வர்காரர் என் பெயரை எடுத்தார். திரையில் அது இரண்டாக நின்றது. மறுபடி எடுத்தார். நான்கானது.

"என்ன தம்பி, குட்டி போடுதா?"

"எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் பெரியவரே, கவலைப்படாதீங்க."

"தாங்குறது இருக்கட்டும்யா. என்னை விடுமா?"

ஐந்தாவது முறை எடுத்ததும் பெயர் முப்பத்திரண்டானது, கதவும் திறந்தது. நான் எழுவதற்குள் மூடிக்கொண்டது. கண்ணாடி வழியே பார்த்தேன். என் சட்டையோடு, என் நொண்டி நடையோடு ஒரு கிழவன் போய்க்கொண்டிருந்தான். மகள் இறங்கி வந்து அவன் பையை வாங்கிக்கொண்டாள்.

"ஒருத்தர் போயாச்சு," என்றார் சர்வர்காரர். "இன்னும் முப்பத்தோரு பேர்தான். உட்காருங்க."

கண்ணாடியை ஓங்கித் தட்டினேன். மகள் திரும்பவில்லை. அவன் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு அவசரமாக வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.