இறக்கி வைத்த பெட்டி

“அப்பா மட்டும் ஏம்மா சாமான்களோட கீழ வர்றாங்க?”

திருச்சி விமான நிலையத்தில் அவன் அதைக் கேட்டபோது வயது ஏழு.

பிற்பாடு அம்மாவுக்கு ஒரே ஓர் ஆறுதல் கிடைத்தது. வளைகுடாவில் விமானத்துக்காகக் காத்துக் கிடந்த நேரமெல்லாம், முகம் தெரியாத யாரோ ஒருவர் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

“யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்.”

சாகும்வரை, சாமி கும்பிடும்போதெல்லாம் சொன்னாள்.

இன்று அவன் அதே வளைகுடாவில் விமானப் பொறியாளர்.

எதிரே திருச்சிக்குப் புறப்பட வேண்டிய விமானம். அதன் சரக்கறையில் தீயணைப்பு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மாற்று சிலிண்டர் நாளைக்குத்தான் வரும்.

விதி தெளிவானது. பயணிகளோடு பறக்கலாம். சரக்கறை காலியாக இருக்க வேண்டும்.

உள்ளே, பயணப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சவப்பெட்டி. பெருநாழி முத்திருளப்பன். கட்டட வேலைக்கு வந்தவன். ஊரில் பந்தல் போட்டாயிற்று.

“உள்ள படுத்திருக்கவன் பீடியா பத்தவைக்கப் போறான்? விட்ருங்க சார், வீடு போய்ச் சேரட்டும்” என்றார் சுமையேற்றும் மேஸ்திரி.

அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

மேலே, ஜன்னல் இருக்கைக்குக் குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் கையெழுத்திட்டான்.

எல்லாம் இறங்கின. சவப்பெட்டியும்.

அதற்குத் துணையாக வந்த அறைத்தோழன் விமானப் படிக்கட்டில் நின்றுவிட்டான். அவனுடைய விசா முடிந்துவிட்டது. தங்க வழியில்லை.

“அண்ணே, தனியா கெடப்பானேண்ணே.”

பொறியாளன் அவன் முதுகைத் தொட்டு மேலே ஏற்றிவிட்டான்.

விமானம் போயிற்று.

வேலை முடிந்தும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. சவப்பெட்டியை வைத்திருந்த சரக்குக் கிடங்குக்கு நடந்தான். வெளியே மாலை வெயில். உள்ளே யாரும் இல்லை.

வாசலிலேயே காலணிகளைக் கழற்றினான்.

கிடங்குக்குள் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அதுவும் விதிதான்.

தலை எந்தப் பக்கம் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது.

எஞ்சினுக்குள் அடித்துப் பார்க்கும் டார்ச்சைப் பையிலிருந்து எடுத்தான். போட்டு, தலைமாட்டில் நிற்க வைத்தான்.

பிறகு, வெறும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.